சத்தமே வராத துப்பாக்கி உண்டா? முயல் தொல்லையும் இங்கிலாந்து விவசாயிகள் ரைஃபிள் வாங்கும் கதையும்!

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். வில்லன் கோட்டுப் பையிலிருந்து ஒரு கறுப்புக் குழாயை எடுப்பார். நிதானமாகத் துப்பாக்கி முனையில் வைத்துத் திருகுவார். 'ப்ஸ்க்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான், ஆள் காலி. பக்கத்து அறையில் சீட்டாடிக்கொண்டிருப்பவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

நிஜத்தில் அந்தக் குழாயை வாங்குபவர்களில் விவசாயிகளும் இருக்கிறார்கள். அதுவும் இங்கிலாந்தில். அங்கே கோதுமை, பார்லி பயிரிடும் கிராமங்களில், சூரியன் இறங்கும் நேரத்தில் வேலி ஓரமாக ஒருவர் குப்புறப் படுத்திருந்தால், அவர் கையில் இருக்கும் ரைஃபிளின் முனையில் அநேகமாக இந்தக் குழாய் இருக்கும். எதிரே பயிரை மேய்ந்துகொண்டிருப்பது ஒரு முயல்.

அங்கே இதை யாரும் அவ்வளவாக 'சைலன்சர்' என்று சொல்வதில்லை. 'சவுண்ட் மாடரேட்டர்' என்கிறார்கள். சத்தத்தை ஒழிப்பது அல்ல, குறைப்பது என்று அர்த்தம். சினிமாவில் இல்லாத நேர்மை அந்தப் பெயரில் இருக்கிறது.

முயல் என்ன அப்படிச் செய்துவிட்டது?

முயலைப் பார்த்தால் நமக்குக் கொஞ்சத்தான் தோன்றும். இங்கிலாந்துக் குழந்தைகளுக்கும் அப்படித்தான். 1902-ல் புத்தகமாக வந்த பீட்டர் என்ற முயல்குட்டியின் கதையைப் படிக்காமல் அங்கே யாரும் வளர்வதில்லை. ஆனால், அந்தக் கதையிலேயே தோட்டக்காரர் மண்வாருகோலைத் தூக்கிக்கொண்டு பீட்டரை விரட்டுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இன்று இங்கிலாந்தின் வயல்வெளிகளில் திரியும் முயல்கள், நார்மன் மன்னர்கள் காலத்தில் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் கொண்டுவந்து வளர்க்கப்பட்டவற்றின் வாரிசுகள். பட்டியிலிருந்து தப்பியவை நாடு முழுக்கப் பரவின. ஒரு பெண் முயல் ஏறக்குறைய 30 நாளில் குட்டி போட்டுவிடும். போட்ட கையோடு மறுபடியும் சினையாகும். ஏழெட்டு முயல் சேர்ந்தால் ஒரு செம்மறி ஆட்டின் தீனியைத் தின்றுவிடும் என்பது அங்குள்ள விவசாயிகள் சொல்லும் கணக்கு. வேலியோரத்தில் பொந்து இருக்கும் வயலைப் பார்த்தாலே தெரியும். நடுவில் பயிர் முழங்கால் உயரம் நிற்கும். ஓரத்தில் மட்டும் மொட்டையடித்ததுபோல இருக்கும். புதிதாக நட்ட மரக்கன்றுகளின் பட்டையையும் சுற்றிக் கடித்துவிடும். பொந்து பறித்த மேட்டில் டிராக்டர் சக்கரம் இறங்கும். குதிரை கால் வைத்தால் எலும்பு முறியும்.

1953-ல் மிக்ஸமட்டோசிஸ் என்ற வைரஸ் நோய் கென்ட் பகுதியில் தலைகாட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் நாட்டிலிருந்த முயல்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் செத்துப்போயின. கண் வீங்கி, பார்வை போய், சாலையோரத்தில் நாள்கணக்கில் கிடந்து சாகிற கொடுமையான சாவு அது. அதைக் கண்ட மக்கள் பதறிப்போனார்கள். 1954-ல் வந்த பூச்சி, விலங்குத் தொல்லைச் சட்டம் இரண்டு வேலை செய்தது. நோயை வேண்டுமென்றே பரப்புவது குற்றம் என்றது. அதே சமயம், தன் நிலத்திலுள்ள முயலைக் கட்டுப்படுத்துவது நிலம் வைத்திருப்பவரின் கடமை என்றும் சொன்னது. இன்றைக்கும் லண்டன் நகர மையம், சில்லி தீவுகள், ஸ்கோகோம் தீவு தவிர இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் 'முயல் ஒழிப்புப் பகுதி'தான். ஆக, முயலை என்ன செய்வது என்பது அந்த விவசாயிக்கு விருப்பம் சார்ந்த விஷயம் இல்லை. எப்படிச் செய்வது என்பது மட்டும்தான் அவர் கையில் இருக்கிறது.

வலை வேலி போடலாம். கண்ணி சின்னதாக இருக்க வேண்டும். அடிப்பகுதியை மண்ணுக்குள் மடித்துப் புதைக்க வேண்டும். செலவு அதிகம். ஃபெரட் என்ற கீரி போன்ற வளர்ப்புப் பிராணியைப் பொந்துக்குள் விட்டு விரட்டலாம். நச்சுப்புகை விடலாம், அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். மிச்சம் இருப்பது ரைஃபிள்.

சத்தம் ஏன் குறைய வேண்டும்?

சாதாரணத் துப்பாக்கியால் சுட்டால் ஒரு முயல் விழும். மீதி இருபதும் பொந்துக்குள் போய்விடும். அன்றைக்கு வேலை முடிந்தது. இது முதல் காரணம். பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும், அடுத்த வயலில் குதிரை மேயும், கொட்டகையில் சினைமாடு நிற்கும் என்பது இரண்டாவது. அங்கே வயலும் வீடும் ரொம்ப நெருக்கம்.

மூன்றாவது காரணத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது சுடுபவரின் காது. சின்ன ரைஃபிளின் வெடிச்சத்தமே 140 டெசிபலைத் தொட்டுப் போகும். காது நரம்பு ஒரே அடியில் கெடக்கூடிய அளவு அது. இழந்த செவி திரும்ப வராது.

இந்தக் குழாயின் கதையே ஒரு காது கேளாத அப்பாவிடமிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்லலாம். ஹிராம் மாக்ஸிம் என்பவர் 1884-ல் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். அதைச் சுட்டுச் சுட்டே அவர் செவிடாகிப்போனார். அவர் மகன் ஹிராம் பெர்சி மாக்ஸிம் 1909-ல் துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். பெரிய சத்தம் போட்ட துப்பாக்கி அப்பாவுடையது, சத்தத்தை அடக்கியது பிள்ளை. கார், மோட்டார் சைக்கிள் புகைக்குழாயில் இருக்கும் சைலன்சரும் இதே தத்துவம்தான்.

வெடிமருந்து எரிந்து உண்டாகும் சூடான வாயு, குண்டின் பின்னாலேயே குழல் வழியாகச் சீறிக்கொண்டு வெளியே பாயும். திடீரென்று வெளிக்காற்றில் விரியும்போதுதான் 'டுமீல்'. பிரஷர் குக்கர் வெயிட்டைச் சட்டென்று தூக்கினால் எப்படிச் சீறும், அதுபோல. மாடரேட்டருக்குள் தட்டுத் தட்டாகத் தடுப்புகள் இருக்கும். நடுவில் குண்டு போக ஓட்டை. வாயு ஒவ்வொரு அறையாக நுழைந்து, சுழன்று, ஆறி, மெதுவாக வெளியேறும். சத்தம் 20 முதல் 30 டெசிபல் வரை குறையும்.

குறையும், அவ்வளவுதான். மறையாது.

ஒரு வெடியில் இரண்டு சத்தம்

ரைஃபிள் வாங்கப் போகும் புதியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். விலை உயர்ந்த மாடரேட்டராகப் பார்த்து வாங்குவார்கள். வயலுக்குப் போய்ச் சுடுவார்கள். 'பளார்' என்று வானமே கிழியும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைப்பார்கள்.

கடைக்காரர் மேல் தப்பில்லை. துப்பாக்கி இரண்டு சத்தம் போடும். ஒன்று முனையில் வாயு வெடிக்கும் சத்தம். இன்னொன்று குண்டு காற்றைக் கிழிக்கும் சத்தம். திருவிழாவில் சாட்டையடிப்பவர் கையைச் சொடுக்கும்போது 'படீர்' என்கிறதே, அங்கே சாட்டை எதன் மேலும் படுவதில்லை. சாட்டையின் நுனி ஒலியைவிட வேகமாகப் போவதால் வரும் சத்தம் அது. குண்டும் ஒலியைவிட வேகமாகப் போனால், போகிற வழி நெடுக அந்தச் சாட்டைச் சத்தத்தைப் போட்டுக்கொண்டே போகும். முனையில் மாட்டிய குழாய் அதை என்ன செய்ய முடியும்? குண்டுதான் குழாயைத் தாண்டிப் போய்விட்டதே!

ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். குண்டின் வேகம் அதற்குக் கீழே இருந்தால் சாட்டைச் சத்தம் கிடையாது. ஆகவே சத்தம் குறைந்த ரைஃபிள் வேண்டுமென்றால், முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது மாடரேட்டரை அல்ல, தோட்டாவை. இதைப் புரிந்துகொண்டவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது.

கடையில் இருக்கும் மூன்று வழிகள்

முதலாவது, காற்றுத் துப்பாக்கி. வெடிமருந்தே இல்லை. சுருள்வில் வைத்தது ஒரு வகை, அழுத்தப்பட்ட காற்றைச் சிலிண்டரில் அடைத்து வைத்திருப்பது இன்னொரு வகை. சுருள்வில் துப்பாக்கிக்கு மாடரேட்டர் மாட்டுவதில் பெரிய லாபம் இல்லை. அதன் சத்தம் உள்ளே வில் அடித்துக்கொள்ளும் சத்தம், முனையில் வருவது கொஞ்சம்தான். சிலிண்டர் வகைக்கு மாட்டினால் நன்றாகவே அடங்கும். குண்டும் ஒலியைவிட மெதுவாகத்தான் போகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12 அடி-பவுண்டு சக்திக்கு மேல் போகாத காற்று ரைஃபிளுக்குப் போலீஸ் சான்றிதழ் தேவையில்லை. ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் அதற்கும் லைசென்ஸ் வேண்டும். தானியக் கொட்டகையில் எலி, மரப்பட்டையை உரிக்கும் சாம்பல் அணில், பொந்து வாசலில் முயல் என்று 30 மீட்டருக்குள் முடிகிற வேலைக்கு இது போதும். அதற்கு மேல் இதை நம்பினால் காயம் பட்ட விலங்குதான் மிஞ்சும்.

இரண்டாவது, .22 ரைஃபிள். அதன் தோட்டா 1887-லிருந்து இருக்கிறது. தாத்தா காலத்துச் சரக்கு என்றாலும் இந்த வேலையில் இன்னும் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. காரணம், இதில் 'சப்சோனிக்' என்ற மெதுவான தோட்டா கிடைக்கிறது. இரண்டரை கிராமைத் தாண்டும் ஈயக் குண்டு, நொடிக்கு 320 மீட்டரைச் சுற்றி ஒரு வேகம். ஒலிக்குக் கொஞ்சம் கீழே. மாடரேட்டரோடு சுட்டால், முனையில் வரும் சத்தத்தைவிட குண்டு போய்ப் படும் 'தப்' சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த முயல் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய ஆரம்பிப்பதும் உண்டு. அதே ரைஃபிளில் வேகமான தோட்டாவைப் போட்டால் நொடிக்கு 380 மீட்டர். சாட்டைச் சத்தம் வந்துவிடும், மாடரேட்டருக்குக் கொடுத்த காசு வீண்.

மூன்றாவது, .17 ஹெச்.எம்.ஆர். 2002-ல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்தது. ஒரு கிராமுக்குச் சற்றே அதிகமான பொடிக் குண்டு, நொடிக்கு 775 மீட்டர் வேகம். ஒலியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். 100 மீட்டர் வரை குறியை ஏற்றி இறக்காமலே சுடலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு இது பெரிய சௌகரியம். ஆனால், எந்த மாடரேட்டரை மாட்டினாலும் சாட்டைச் சத்தம் போகாது. குறுக்குக் காற்று பலமாக அடித்தால் 150 மீட்டரில் ஒரு சாண் தள்ளிப்போகவும் செய்யும்.

சத்தத்தை மட்டும் பார்த்தால் இரண்டாவதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை.

மெதுவான குண்டுக்கு ஒரு விலை உண்டு

மெதுவாகப் போகும் குண்டு சீக்கிரம் கீழே இறங்கும். 50 மீட்டரில் சரியாகப் படும்படி டெலஸ்கோப்பைச் சரிசெய்து வைத்தால், 75 மீட்டரில் நாலு விரல்கடை கீழே படும். 100 மீட்டரில் ஒரு சாணுக்குக் குறையாமல் இறங்கிவிடும். மாலை மங்கலில் 60 மீட்டரா 75 மீட்டரா என்று கண் ஏமாறுவது சகஜம். தலைக்கு வைத்த குறி காலில் படும். கால் உடைந்த முயல் பொந்துக்குள் போய் நாள்கணக்கில் சாகும். மிக்ஸமட்டோசிஸைக் கண்டு பதறிய நாட்டில், அதே சாவை ஈயத்தால் கொடுப்பதில் என்ன பெருமை இருக்கிறது?

அனுபவசாலிகள் அதனால்தான் சப்சோனிக் .22-க்கு 60, 70 மீட்டரோடு கோடு போட்டுக்கொள்கிறார்கள். அதற்கு மேல் தெரியும் முயல் அன்றைக்குப் பிழைத்துக்கொள்ளும். தூரத்தைக் குறைப்பது துப்பாக்கியின் வேலை அல்ல, வயிற்றால் ஊர்ந்து போகிறவரின் வேலை. காற்று எதிர்முகமாக அடிக்கும் பக்கம் பார்த்துப் போக வேண்டும். முயலின் மூக்கு பொல்லாதது.

இரண்டாவது விலை, தெறிப்பு. மெதுவான, கனமான ஈயக் குண்டு கல்லிலோ, காய்ந்து இறுகிய தரையிலோ, தண்ணீரிலோ சாய்வாகப் பட்டால் உடையாது. ஆற்றில் ஓட்டாஞ்சில்லு விட்டால் தாவித் தாவிப் போகுமே, அப்படித் தெறித்து 'ங்ஙீய்ங்' என்று கத்திக்கொண்டு எங்கேயோ போகும். .22 தோட்டாப் பெட்டிகளிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சிட்டிருப்பார்கள். அதாவது இரண்டு கிலோமீட்டரைத் தாண்டி. அந்தத் தூரத்துக்குள் எத்தனை வீடு, எத்தனை சாலை!

.17-ன் பொடிக் குண்டு தரையில் பட்டதும் பெரும்பாலும் நொறுங்கிவிடும். தெறிப்பு குறைவு. சத்தம் போடுவது அக்கம்பக்கத்துக்குப் பத்திரம், சத்தம் போடாதது கொஞ்சம் ஆபத்து. இப்படி ஒரு முரண். கற்கள் நிறைந்த, சமதளமான நிலத்துக்கு .17 எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மண்மேடும் சரிவுமாக இருந்து, வீடுகள் நெருக்கமாக இருந்தால் சப்சோனிக் .22. எது நல்ல துப்பாக்கி என்று கேட்பவரிடம், 'உங்கள் நிலம் எப்படி இருக்கும்?' என்று திருப்பிக் கேட்கிற கடைக்காரர்தான் நல்ல கடைக்காரர்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது...

தோட்டா முடிவாகிவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாக வந்து உட்காரும். ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்தான் இந்த வேலைக்கு ஏற்றது. தானாக ஏற்றிக்கொள்ளும் வகையில் சுட்டவுடன் இரும்புப் பாகம் பின்னால் போய் 'கிளாக்' என்று அடிக்கும். அந்த வழியாகவும் வாயு கசியும். மெதுவான தோட்டாவுக்கு அதைத் தள்ளும் பலம் போதாமல் சில துப்பாக்கிகளில் சிக்கிக்கொள்வதும் உண்டு. செக் நாட்டின் சி.இசட், பின்லாந்தின் சாக்கோ, ஜெர்மனியின் அன்ஷூட்ஸ் எல்லாம் போல்ட் ஆக்‌ஷனில் பெயர் வாங்கியவை.

குழல் நீளமாக இருந்தால்தான் குறி தப்பாது என்பது ஒரு பழைய நம்பிக்கை. .22-ல் மருந்து 16 அங்குலத்துக்குள்ளேயே எரிந்து முடிந்துவிடும். மாடரேட்டரை மாட்டினால் இன்னும் ஆறேழு அங்குலம் நீளும். குழல் குட்டையாக இருந்தால் புதரில் மாட்டாது, வண்டியிலிருந்து எடுக்க இறக்க வசதி. குட்டை என்பதால் குறி கெடாது.

முனையில் மாடரேட்டர் திருகும் மரை, .22-க்குப் பெரும்பாலும் அரை அங்குலக் குறுக்களவில் அங்குலத்துக்கு 20 சுற்று. கடைக்குப் போய் 'இதற்கு மரை போட்டிருக்கிறதா?' என்று முதலில் கேட்க வேண்டும். மரை கோணலாக இருந்தால் குண்டு உள்ளே தடுப்பில் உரசும். லேசாக உரசினாலே குறி சிதறும், பலமாக உரசினால் மாடரேட்டர் கிழியும். பழைய துப்பாக்கி வாங்கி உள்ளூர்ப் பட்டறையில் மரை வெட்டிக்கொள்வதில் மிச்சம் பிடிக்கிற காசு பெரும்பாலும் இங்கேயே போய்விடும்.

பிறகு குறி. மாடரேட்டரைக் கழற்றிச் சரிசெய்த டெலஸ்கோப், மாட்டியதும் வேறு இடத்தைக் காட்டும். முனையில் எடை ஏறியதும் குழல் அதிர்கிற விதம் மாறிவிடும். மாட்டியே சரிசெய்ய வேண்டும், மாட்டியே சுட வேண்டும். தோட்டாவிலும் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு கைராசி உண்டு. ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்த இரண்டு ரைஃபிள்களில் ஒன்றுக்கு இந்த கம்பெனி தோட்டா பிடிக்கும், இன்னொன்றுக்கு அது ஆகாது. ஏன் என்று கேட்டால் பொறியாளர்கள் நிறையச் சொல்வார்கள். விவசாயி செய்வது, நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி வந்து, மண்மேட்டுக்கு முன்னால் காகிதம் ஒட்டி, 50 மீட்டரிலிருந்து ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பார்ப்பது. ஐந்தும் நம் பத்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு. முயலின் மூளை இருக்கும் இடமும் ஏறக்குறைய அவ்வளவுதான். நாணயத்துக்குள் அடங்கவில்லையா? அடங்கும் தூரம் வரை முன்னால் வர வேண்டும். 40 மீட்டர் என்றால் 40 மீட்டர்.

கன்னத்தை வைத்ததும் கண் தானாக டெலஸ்கோப்பின் நடுவுக்கு வர வேண்டும். விசை மெத்தென்று இழுபடாமல் 'டக்' என்று விடுபட வேண்டும். இவற்றைக் கடையிலேயே பார்த்துவிடலாம். எந்தக் குறிப்பேட்டிலும் இவை எண்ணாக அச்சாகி இருக்காது.

காசு இருந்தால் மட்டும் போதாது

.22 ஆனாலும் .17 ஆனாலும் போலீஸ் தரும் துப்பாக்கிச் சான்றிதழ் கட்டாயம். 'பிடித்திருக்கிறது, வாங்குகிறேன்' என்றால் கிடைக்காது. எந்த நிலத்தில், எந்த விலங்குக்காக, ஏன் இந்த அளவு என்று தகுந்த காரணம் காட்ட வேண்டும். நிலம் அடுத்தவருடையது என்றால் அவர் அனுமதி வேண்டும். டாக்டரிடமிருந்து உடல், மனநலம் பற்றிய தகவல் போகும். நன்னடத்தைக்கு இரண்டு பேர் உறுதி சொல்ல வேண்டும். போலீஸ் வீட்டுக்கே வந்து இரும்புப் பெட்டியைத் தட்டிப் பார்க்கும். எந்தத் துப்பாக்கி, ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் சான்றிதழில் எழுதப்படும். 1968-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப்பட்டபோது, சத்தம் குறைக்கும் துணைக்கருவியையும் துப்பாக்கி என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். 1996-ல் வந்த இன்னொரு சட்டம், காட்டு விலங்குகளை வேண்டுமென்றே சித்ரவதை செய்வதைத் தண்டிக்கிறது.

இதைப் படித்துவிட்டு, நம் ஊரில் பயிரை மேயும் பிராணிக்கு இதைப் பயன்படுத்தலாமா என்று யாருக்கும் யோசனை வர வேண்டாம். இந்தியாவில் ஆயுத விதிகள் சத்தம் குறைக்கும் கருவியைத் தடைசெய்யப்பட்ட வகையில் வைத்திருக்கின்றன. நம் காட்டு முயல், இங்கிலாந்து முயலைப்போல வந்தேறி அல்ல. அதை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காட்டுப்பன்றியால் பாடுபடும் தமிழக விவசாயிகளுக்காக 2025 ஜனவரியில் அரசு அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர்தான் சுட முடியும். விவசாயி அல்ல.

ஒரு மாலை

முயல் கட்டுப்பாட்டுக்கு ஏற்ற காலம், நவம்பரிலிருந்து மார்ச் வரையிலான குளிர்மாதங்கள். அப்போது எண்ணிக்கை குறைந்திருக்கும். செடிகள் காய்ந்து மறைவும் இருக்காது. முக்கியமாக, பொந்துக்குள் பால்குடிக் குட்டிகள் அநேகமாக இருக்காது. கோடையில் தாயைச் சுட்டால் உள்ளே ஐந்தாறு குட்டிகள் பட்டினியில் சாகும். அதைக் கணக்கில் சேர்க்காமல் 'ஒரே குண்டில் வலியில்லாமல் முடித்தேன்' என்று சொல்வதில் அர்த்தமில்லை.

குளிரில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. காற்று குளிரும்போது ஒலியின் வேகமும் குறையும். 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர். உறைபனி இரவில், பூஜ்யம் டிகிரியில், 331 மீட்டர்தான். ஒலிக்கு ரொம்ப நெருக்கமான வேகத்தில் போகும் தோட்டா என்றால், கோடையில் கமுக்கமாகப் போனது டிசம்பரில் திடீரென்று சாட்டைச் சத்தம் போடலாம். வாங்கும்போதே கொஞ்சம் மெதுவானதாகப் பார்த்து எடுப்பது நல்லது.

மாலை நாலு மணிக்கே இருட்டத் தொடங்கும் அந்தப் பருவத்தில், வேலியோரம் ஊர்ந்து போனவருக்கு 50 மீட்டரில் மூன்று முயல் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மேட்டின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. பார்க்க அழகான குறி. ஆனால் அதன் பின்னால் ஆகாயம் மட்டும்தான். குண்டு தப்பினாலும் ஊடுருவினாலும் தடுக்க மண் இல்லை. அதைச் சுடக் கூடாது. இரண்டாவது, கல் குவித்த வரப்பின் அடியில். தெறிக்கும், அதையும் சுடக் கூடாது. மூன்றாவது, சரிவில். பின்னால் புல் முளைத்த மண். அது அசையாமல் நின்று தலை திருப்பும்வரை காத்திருக்க வேண்டும். திருப்பாமலே புதருக்குள் போய்விட்டால் அன்றைக்குச் சுடாமலே எழுந்து வர வேண்டியதுதான். அப்படி வெறுங்கையோடு வீடு திரும்பும் மாலைகள் இந்த வேலையில் நிறையவே இருக்கும்.

சுட்டிருந்தால் வீட்டுக்கு வந்ததும் முதலில் மாடரேட்டரைக் கழற்ற வேண்டும். உள்ளே ஈயக் கசடும் ஈரமும் தங்கியிருக்கும். அப்படியே மாட்டி வைத்தால் ஈரம் குழலுக்குள் இறங்கி, இரண்டே வாரத்தில் முனை துருப்பிடிக்கத் தொடங்கும். அத்தனை பாடுபட்டு நாணயத்துக்குள் அடக்கிய குறி அந்த முனையில்தான் இருக்கிறது. துடைத்து, தனியாகக் காயவைத்து, துப்பாக்கியை இரும்புப் பெட்டிக்குள் பூட்டி, சாவியை வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத இடத்தில் வைத்த பிறகுதான் அவர் காலணியைக் கழற்றுவார்.